இருபத்தேழாம் எண்ணின் ரத்தம்

எந்த எண்ணெயாக இருந்தாலும் மூடி வையுங்கள். காற்றுப் பட்டால் காறிப்போகும். முப்பத்தைந்து வருடமாக ரத்தத்திலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுப்பதே வேலையாகிப்போனதால், வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்கிற ஒரே உபதேசம் இது. கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். கொழுப்பு என்றால் இடுப்பில் தொங்குவது என்று அவர்களுக்கு நினைப்பு. ஈரத்தை எடுத்துவிட்டால் மூளையில் பாதிக்கு மேல் கொழுப்புதான். அல்சைமர் நோயில் அதன் சேர்மானம் கெடுகிறது என்பதை வைத்துத்தான் எங்கள் டாக்டரம்மா மாத்திரை ஆய்வைத் தொடங்கினார்.

மொத்தம் நாற்பது நோயாளிகள். பாதிப் பேருக்கு மருந்துக் கொழுப்பு அடைத்த மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் சமையல் எண்ணெய் அடைத்தது. யாருக்கு எது என்று எங்கள் யாருக்கும் தெரியக் கூடாது. பெயர் கிடையாது, எண் மட்டும். ஆனால் மாதாமாதம் அவர்கள் ரத்தம் என் மேசைக்குத்தானே வந்தது. மருந்து சாப்பிடுகிறவர் ரத்தத்தில் அந்தக் கொழுப்பு ஏறியிருக்கும். இயந்திரம் வரைகிற கோட்டில் ஒரு மேடு எழும்பும். அதைப் பார்த்தே யாருக்கு எது என்று நான் தெரிந்துகொள்ளலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் என் மனைவியின் மாத்திரைப் புட்டியில் ஒட்டியிருந்த எண்ணேதான் ரத்தம் வந்த ஒரு சோதனைக் குழாயிலும் இருந்தது. இருபத்தேழு. அதில் மேடு நன்றாகவே எழும்பியிருந்தது.

எங்கள் மகளைப் பற்றி உங்கள் விசாரணைக் கோப்பில் இருக்கும். எட்டு வயது. நீச்சல் வகுப்பு முடிந்ததும் நான் போய்க் கூட்டிவர வேண்டும். நாற்பது நிமிடம் தாமதமாகிவிட்டது. நின்று நின்று பார்த்துவிட்டு அவளாகவே சாலையைக் கடந்திருக்கிறாள். ரத்தக் குழாய்களெல்லாம் குளிர்பெட்டிக்கு வெளியே இருந்தன, பாதியில் விட்டால் கொழுப்புக் கெட்டுவிடும், அதனால்தான் கிளம்ப முடியவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதன்பிறகு பத்தொன்பது வருடம் என்னை ‘ஏங்க’ என்று கூப்பிடவும் இல்லை. “சாப்பாடு இருக்கு” என்பாள், சுவரைப் பார்த்து. “கேஸ் தீந்துபோச்சு” என்பாள். யாரிடம் சொல்கிறாள் என்று நானாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு நோய் வந்தது. ஒரு காலை துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, “ஏங்க, டீ குடிச்சீங்களா?” என்றாள். பெண் ஒன்று பிறந்ததே அவளுக்கு நினைவில்லை. நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

அவளை ஆய்வில் சேர்க்கும்படி டாக்டரம்மா வற்புறுத்தினார். மாட்டேன் என்றால் இந்த ஆளுக்கு என்ன வந்தது என்று கேட்பார்கள். மேலும், அந்த மாத்திரை பலிக்கும் என்று எனக்கு நம்பிக்கையே இல்லை.

பலித்தது. நான்காம் மாதம் அடுப்பை அணைக்க மறக்கவில்லை. ஐந்தாம் மாதம் கிழமை, தேதி எல்லாம் சொன்னாள். “மருந்தோ எண்ணெயோ, உங்க வீட்டம்மா கலக்குறாங்க சார்” என்றார் டாக்டரம்மா. ஆறாம் மாதம் ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது, அலமாரியிலிருந்து ஒரு சின்ன நீச்சலுடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

“அன்னிக்கு எத்தனை மணிக்குக் கிளம்புனது?”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஆய்விலிருந்து விலகியவர்கள் திருப்பிக் கொடுத்த புட்டிகள் எங்கள் ஆய்வகத்திலேயே இருந்தன. எதில் வெறும் எண்ணெய் என்று எனக்குத் தெரியும். மறுநாள் அவள் புட்டியை அதைக் கொண்டு நிரப்பினேன். தினமும் காலையில் நானே எடுத்துக் கொடுத்தேன், மறுக்காமல் விழுங்கினாள். இனி அவள் ரத்தத்தில் மேடு வராது என்பதால், பதினான்காம் எண்காரரின் ரத்தத்தில் பாதியை மாதாமாதம் அவள் குழாயில் ஊற்றினேன். பெற்ற ஒரே பிள்ளையை ஒரு தாய் இரண்டு முறை பறிகொடுக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு மாதத்தில் அந்தக் கேள்வி போய்விட்டது. நீச்சலுடையைக் கைத்துடைக்கும் துணி என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நாள் மறுபடியும் ‘ஏங்க’ இருந்தது. பிறகு அதுவும் போய், நடப்பதும் போய், இப்போது காப்பகத்தில் கூரையைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். நான் நினைத்ததைவிட வேகமாக நடந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தம்தான்.

மூடி வைத்திருந்த முடிவுகளைப் பிரித்து, ரத்தத்தில் இவ்வளவு மருந்து இருந்தும் இருபத்தேழு இப்படிச் சரிந்ததைப் பார்த்து, மருந்தே கெடுக்கிறதோ என்று டாக்டரம்மா பயந்து ஆய்வையே நிறுத்தினார். பதினான்கு ஒரு ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அவர் மகன் என் அறை வாசலில் வந்து நின்றார். “மிச்சம் மீதி ஏதாவது இருந்தா குடுங்க சார். அப்பா இப்பதான் எங்கள பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சாரு.” விதிப்படி கொடுக்க முடியாது என்றேன். அதுவும் உண்மைதான்.

இரண்டு எண்களின் கோடுகள் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்ததைக் கண்டுபிடித்தவரும் டாக்டரம்மாதான். இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ரத்தக் கொழுப்பு அப்படி அமையாது. கேட்டவுடன் ஒப்புக்கொண்டேன். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பத்தொன்பது வருடம் அவளுடைய வெறுப்போடு குடித்தனம் நடத்தியவன், ஒரு கேள்விக்கு ஏன் இப்படிப் பயந்தாய் என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். அவளுக்கு வலிக்கக் கூடாது என்றுதான் என்றேன். அப்படித்தான் எழுதிக்கொண்டீர்கள். பரவாயில்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். குழாய்களுக்காகப் பிள்ளையை விட்டவன் என்று அவள் என்னை வெறுத்தாள், ஆனால் நம்பினாள். அன்று என் மேசையில் ஒரு குழாயும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். பிள்ளையைக் கூட்டிவரப் போக வேண்டும் என்பது, முப்பத்தெட்டு வயதில், ஒரு நோயும் இல்லாமல், எனக்கு மறந்துபோயிருந்தது.