பல்பொடி வண்டிக்கு ஹெட்லைட்டு

அதத் தொடாதீங்க சாமி, அதத் தொட்டா ஆரன் அடிக்கும். அடிச்சா நிக்காது... நிறுத்தோணும்னா வைப்பர் சுச்சைப் போடோணும். ஏன்னு என்னையக் கேக்காதீங்க. உங்களுக்கு முன்னால வந்த நாலு எலெக்ட்ரீசியனையும் கேட்டுப்போட்டேன். நாலு பேரும் நாலு விதமாச் சொன்னாங்க, நாலு பேரும் காப்பி குடிச்சாங்க, போயிட்டாங்க. நீங்க அஞ்சாவது. திருச்செங்கோட்டுல போர் போடற ரிக்கு வண்டிக்கெல்லாம் வயரிங் பண்றவரு, கை வெச்சா செத்த பல்பும் எரியும்னு எங்கூட்டுக்காரரு சொன்னாருங்க. எரியட்டும், பாக்கலாம்.

அவருங்களா? மல்லசமுத்தரத்துக்கு சைக்கிள்ல போயிருக்காருங்க, பீஸ் கம்பி வாங்கியார. சித்த நேரத்துல வந்துருவாரு. நீங்க அதுக்குள்ள முடிச்சுப்போட்டா இன்னைக்குப் பொழுது சாஞ்சதும் கெளம்பறதாமா. ராமேசுரம். நானும் அவரும் மட்டும். லாட்ஜு வேண்டாம், சத்தரம் வேண்டாம், வண்டியிலயே கட்டலு, வண்டியிலயே அடுப்பு, வண்டியிலயே காத்தாடி. உள்ள எட்டிப் பாருங்க... பாத்தீங்களா? கட்டலுக்கு அடியில தண்ணி டேங்கி வேற. கட்டுச்சோத்துக்குன்னு இதோட மூணுவாட்டி புளி கரைச்சாச்சு. மூணுவாட்டியும் கெளம்பல, கொளம்பு வெச்சுத் தின்னாச்சு. இந்த வருசம் எங்கூட்டுல புளிக்குத்தான் ராசி.

முப்பது வருசம் லாரி ஓட்டுனவருங்க. கல்கத்தா லைனு. இந்த முப்பது வருசத்துல என்னைய ஒருநாளாச்சும் லாரியில ஏத்தியிருப்பாரா? ம்ஹூம். பொம்பள ஏறுனா லோடு ஒழுங்காப் போய்ச் சேராதாமா. நான் ஏறாமயே ரெண்டுதடவ குடை சாஞ்சுது, அத நான் கேக்கல. ஆனா ஒவ்வொருக்கா வாரப்பவும் வாய் மட்டும் ஓயாது. கோதாவரிப் பாலம் அத்தன நீளம் சௌந்திரம், அங்க ஆத்துல பொழுது கெளம்பறது அப்பிடி இருக்கும் சௌந்திரம், உனக்கும் ஒருக்கா காட்டோணும்... நான் இங்க பண்ணையத்தையும் பாத்துக்கிட்டு, மாடு கன்னு, வாரபோற ஒறம்பரை சறம்பரைன்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டு, ஆமாங்க மாமா, ஆமாங்க மாமான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். கோதாவரியை நான் காதாலயே தாண்டிப்போட்டேனுங்க.

இப்ப லாரியை வித்தாச்சு. சும்மா இருப்பாருன்னு பாத்தா, சேலம் போய் இந்தக் கெரகத்தைப் புடிச்சுட்டு வந்தாரு. என்ன வண்டின்னு நெனச்சீங்க? பல்பொடி கம்பெனி வண்டி. ஊரு ஊராப் போய் படம் காட்டி பல்பொடி விப்பாங்களே, அந்த டீசல் வேனு. கம்பெனிக்காரன் படம் காட்டற மெசினை மட்டும் கழட்டிக்கிட்டு வயரையெல்லாம் அப்பிடியே உட்டுப்போட்டான். மேல ஒரு கொழாய் இருந்துது பாருங்க, ரேடியோ செட்டுக் கொழாய்... பிரேக்கு மிதிச்சா அது கொர்ர்ருங்கும். இவரு பிரேக்கு மிதிச்ச சேதி சந்தப்பேட்ட வரைக்கும் தெரியும். மொத நாளு எங்கூட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்துறாரு, அந்தச் சத்தத்துல எருமை கவுத்த அறுத்துக்கிட்டு ஓடிருச்சு. அதப் புடிக்க நான் ஓடுனேன். இவரு வண்டியைத் தடவிக்கிட்டு நிக்கறாரு.

சரி, ஆரம்பத்துல இருந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு வெளங்கும். மொதல்ல, வண்டி வந்த வாரமே, காத்தாடி மாட்ட எடப்பாடி மாதையன் வந்தாரு. தறி மோட்டாருக்குக் காயில் கட்டறவரு. கம்பெனி வயரெல்லாம் பழசுன்னு சொல்லி உருவி எறிஞ்சுப்போட்டு, தங்கிட்ட இருந்த மஞ்ச வயரையே பூராத்துக்கும் இழுத்துட்டாரு. செவப்பு, பச்சை, நீலம் எதுவுமில்ல, எல்லாமே மஞ்ச. கல்யாணப் பந்தலாட்ட இருந்துது. பின்னால ஹெட்லைட்டு எரியலைன்னு மறுக்கா கூட்டியாந்தப்ப, எது லைட்டுக்குப் போவுது, எது காத்தாடிக்குப் போவுதுன்னு அந்த மாதையனுக்கே தெரியல. அப்பறம் ஆத்தூர் வெங்கடாசலம். ஜவ்வரிசி மில்லுல எலெக்ட்ரீசியன். அவரு வந்து எட்டு சுச்சு வெச்சாரு. அதுல நாலு வேல செய்யும், மீதி நாலு சும்மா. எதுக்கு சும்மான்னு கேட்டா, பின்னால தேவைப்படுமாமா. மத்த ரெண்டு பேரு பேரு கூட ஞாவகமில்ல. ஒருத்தரு எலி கடிச்சிருக்குன்னாரு, இன்னொருத்தரு திருஷ்டின்னாரு. திருஷ்டிக்கு டெஸ்ட் லேம்பு எதுக்குங்க, பூசணிக்காய் போதாதா?

இல்ல இல்ல, அந்தப் பேட்டரி இல்லைங்க. அது ஊட்டுப் பேட்டரி, காத்தாடிக்கும் உள் லைட்டுக்கும். இஞ்சின் பேட்டரி கட்டலுக்குக் கீழ. வண்டி ஓடறப்ப டைனமோ ரெண்டுக்கும் சார்ஜு ஏத்தும், நின்னதும் ரெண்டையும் பிரிச்சுடோணும், இல்லைன்னா வெடியால செல்ப்பு எடுக்காது. செல்ப்பு எடுக்கலைன்னாலும் ஒண்ணும் மோசமில்ல. டீசல் வண்டிதானுங்களே, நாலு பேரு தள்ளுனா போதும், கரண்டே வேண்டாம், அது பாட்டுக்கு ஓடும். ஹெட்லைட்டுதான் அப்பிடி இல்ல. அதுக்கு அந்தச் சட்டத்து ஓரமா...

என்ன அப்பிடிப் பாக்கறீங்க? எனக்கு எப்பிடித் தெரியுங்களா? நாலு எலெக்ட்ரீசியனுக்குக் காப்பி போட்டுக் குடுத்திருக்கேனே, ஆளுக்குக் கால்வாசின்னாலும் ஒரு முழு எலெக்ட்ரீசியன் ஆயிருப்பேனில்ல? அட, காப்பி ஆறுது, மொதல்ல குடிங்க. கருப்பட்டி போட்டிருக்கேன்... அக்கட்டால வாங்க, அங்கெல்லாம் கைய உடாதீங்க, துருத் தகரம், கையக் கிழிச்சுரும். சொன்னாக் கேளுங்க சாமி. அந்த மூலையில ஒண்ணும்...

...

சேலைக் கிழிசல்தானுங்க. ஆமாங்க, என்னுதுதான். எதுக்கு என் சேலையையும் அதையும் மாத்தி மாத்திப் பாக்கறீங்க, அதான் சொல்லிட்டேனே. டேப்பு கெடைக்கல, அதச் சுத்துனேன். எந்த எலெக்ட்ரீசியனும் சுங்குடிச் சேலையில இன்சுலேசன் பண்ணமாட்டான்னு எனக்கும் தெரியும்.

ஹெட்லைட்டு வயர நான்தான் அத்தேன். அருவாமனையில வெச்சு அத்தேன். போதுங்களா?

மொதல்ல ஹெட்லைட்டு வயருன்னு நெனச்சு வேற ஒண்ண அத்தேன், காத்தாடி நின்னுபோச்சு. முடிஞ்சு உட்டேன். அப்பறம் ரெண்டு வயர ஒண்ணா அத்துப்போட்டேன், திருப்பி முடியறப்ப மாத்தி முடிஞ்சுட்டேன் போல, அன்னைலிருந்துதான் ஆரனுக்கும் வைப்பருக்கும் சம்பந்தம் ஆச்சு. எல்லாத்தையும் மஞ்ச வயராப் போட்டது மாதையன் தப்பு, அந்தப் பழிய நான் ஏத்துக்கமாட்டேன். ஒண்ணொண்ணுக்கும் ஒரு நெறமா ஒழுங்காப் போட்டிருந்தா நான் ஒரே நாள்ல கண்டுபுடிச்சிருப்பேன். ஆறாவதுல தான் சரியான வயரு சிக்குச்சு.

ஏனுங்களா... சொல்றேன். ஆனா அவரு காதுக்குப் போவக்கூடாது. வண்டி வந்து பாஞ்சாம் நாளு, ஓட்டிப் பாக்கலாம்னு ராசிபுரம் ரோட்டுல போனோம். பொழுது மசங்குற நேரம். முன்னால மரவள்ளிக் கெழங்கு ஏத்தின மாட்டு வண்டி. அச்சுக்குக் கீழ லாந்தர் தொங்குது, ஆடிக்கிட்டே போவுது, எனக்கு அரை மைலுக்கு அந்தாண்டையே தெரியுது. இவரு போறாரு, போறாரு, காலை எடுக்கவே இல்ல. நான் கத்துனேன் பாருங்க, அப்பத்தான் பிரேக்கு மிதிச்சாரு. ஒரு முழம் இருந்துதுங்க, ஒரே முழம். வண்டிக்காரன் திரும்பிப் பாக்கறான், அந்தப் பையன் மூஞ்சி இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. இவரு எறங்கி அவனையே திட்டுறாரு, லைட்டில்லாம ஏண்டா வாரேன்னு. லாந்தரு ஆடிக்கிட்டு இருக்குதுங்க, அவரு காலுக்கிட்ட.

ஊடு வந்து சேந்ததும் அருவாமனையத் தேடுனேனுங்க.

கண்ணு டாக்டர்கிட்டப் போலாம்னு சொல்லலீங்களான்னா கேக்கறீங்க? நல்லாச் சொன்னீங்க. லைசென்சு புதுப்பிக்கப் போனப்ப அட்டையில எழுத்து படிக்கச் சொன்னாங்களாமா. முன்னால நின்னவன் படிச்சத மனப்பாடம் பண்ணி அப்பிடியே ஒப்பிச்சுப்போட்டு வந்துட்டாரு. அத எங்கிட்டயே சொல்லிச் சிரிச்சாரு, நானும் சேந்து சிரிச்சேன், புத்தி கெட்டவ. முப்பது வருசம் ஓட்டுனவரைப் பாத்து உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு எந்த வாயில சொல்றது? பகல்ல நல்லாத்தான் ஓட்டறாரு. ஆனா பகல்ல போவமாட்டாரு. லாரிக்காரனுக்கு ராத்திரிதான் ரோடாமா. அதான்... ஹெட்லைட்டு எரியலைன்னா ராத்திரி போவ முடியாதில்லீங்களா. என் மூளைக்கு அவ்வளவுதான் எட்டுச்சு.

எனக்குப் போவ ஆசையில்லைன்னு நெனச்சுக்காதீங்க. கோதாவரியப் பாக்காம கட்டையில போவமாட்டேன். ஆனா ரெண்டு பேரும் சேந்து போயிட்டு, ரெண்டு பேரும் சேந்து திரும்பி வரோணும்.

என்ன, முடிஞ்சுட்டீங்களா? டேப்பும் சுத்தியாச்சா? அடப்பாவமே, இத்தன சொல்லியும் சேத்துப்போட்டீங்களே. சரி, உங்க சோலி அது. சுச்சா? இருங்க போடறேன்... மூணாவதுதான்... போட்டாச்சு. எரியுதுங்களா?

எரியலியா?

சத்தியமாங்க, ஹெட்லைட்டுக்கு நான் ஒண்ணுதான் அத்தேன். எங்க கொலசாமி மேல ஆணையாச் சொல்றேன். காத்தாடியும் ஆரனும் என்னுது, இந்த வயரும் என்னுது, வேற எதையும் தொடல. டிரைவர் சீட்டு அடியிலயா? அந்தத் தகரத்துக்குள்ள நான் எப்பிடிங்க கைய உடறது? நாலு திருகாணி இருக்குது. ஸ்குரூ டிரைவரு பெட்டிக்குள்ள இருக்குது, பெட்டிச் சாவி அவரு அரைஞாண் கவுத்துல இருக்குது. என்னைய நம்பி ஒரு ஆணி கூடக் குடுக்கமாட்டாரு.

என்ன அது? காட்டுங்க.

இது... சேலை இல்லைங்களே. வேட்டி. பச்சைக் கரை. போன ஆடி நோம்பிக்கு நான் எடுத்துக் குடுத்த வேட்டியாச்சே இது. எங்க காணோம்னு கேட்டதுக்கு மாடு மென்னுருச்சுன்னாரு. நான் அந்த மாட்டைப் போட்டு அடிச்சேனுங்க.

இல்ல, நீங்க எதும் சொல்ல வேண்டாம். பாத்தாலே தெரியுது. எவ்வளவு நறுவிசா முடிஞ்சிருக்காரு பாருங்க, தார்ப்பாய் கட்டற முடிச்சு. இது அவரு கைதான்.

அப்ப தங்கண்ணு மங்கிப்போச்சுன்னு அன்னைக்கே அவருக்கும் தெரிஞ்சிருக்குது. அந்தப் பையனைத் திட்டுனப்பவே தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சுக்கிட்டு, வாய் தொறந்து ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லாம, தானே வந்து கமுக்கமா அத்துப்போட்டு, அப்பறம் தானே போய் எலெக்ட்ரீசியனைக் கூட்டியாந்து, ஒவ்வொருத்தனையும் ஒண்ணுக்கும் ஆவாதவன்னு ஊரு கேக்கத் திட்டித் தாட்டி உட்டிருக்காரு. நானென்னமோ அவரை ஏமாத்தறதா நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். எனக்கு அழுவாச்சி வருதுங்க. சிரிப்பும் வருது. இந்த மனுசனோட முப்பத்திரண்டு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன்...

சைக்கிள் சத்தம். வந்துட்டாரு.

குடுங்க, அந்தத் துணியைக் குடுங்க. திருப்பி அங்கயே சுத்துங்க, அவரு முடிஞ்ச மாதிரியே. தகரத்தை மூடுங்க, நாலு திருகாணியும் போடுங்க, சீக்கிரம். ஆரனை மட்டும் சரி பண்ணிக் குடுத்துருங்க, அது போதும். ஹெட்லைட்டு முடியாதுன்னு சொல்லிருங்க. டைனமோ தாங்காதுன்னு சொல்லுங்க, பல்பொடி வண்டிக்கு அவ்வளவுதான்னு சொல்லுங்க, உங்களுக்குத் தெரியாததா. நான் என்ன சொல்வேன்னா, போனாப் போவுது மாமா, வெடியக்காலம் பொழுது கெளம்புனதும் போலாம், இருட்டுனா எங்க இருக்கமோ அங்கயே நிறுத்திப் படுத்துக்கலாம், அதுக்குத்தானே கட்டலுன்னு சொல்வேன். அவரு ஒத்துக்குவாரு. மொதல்ல உங்களைத் திட்டுவாரு. திருச்செங்கோட்டுல இருந்து வந்தும் ஒரு பல்பு எரியவெக்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு எலெக்ட்ரீசியனான்னு தெருவே கேக்கும்படியாத் திட்டுவாரு.

ஒரு வார்த்தை எதுத்துப் பேசிராதீங்க சாமி. நல்லாத் திட்டட்டும்.