தொம்மை அண்ணாச்சிக்கு ஒரு அஞ்சலி

பஸ்ஸில் நின்றுகொண்டு போனை நோண்டக் கூடாது என்று என் மனைவி விஜயஸ்ரீ சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் பேச்சைக் கேட்டிருந்தால் தொம்மை அண்ணாச்சி அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் இறந்திருக்க மாட்டார்.

டவுணிலிருந்து கங்கைகொண்டானுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தச்சநல்லூர் தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் குலுங்கியது. என் கட்டைவிரல் வழுக்கியது. ‘புன்னக்காயல் எழுத்தாளர் தொம்மை காலமானார்’ என்ற அஞ்சலி, நான் முகநூலில் நடத்தும் ‘பொருநைப் புத்தகச் செய்தி’ பக்கத்தில் வெளியாகிவிட்டது. அண்ணாச்சி அப்போது இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

உயிரோடிருப்பவருக்கு எதற்கு அஞ்சலி எழுதினாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். என் பக்கத்தில் புத்தக விமர்சனம் போட்டால் நாலு லைக் விழும்; அதில் ஒன்று விஜயஸ்ரீ. வெளியீட்டு விழாச் செய்திக்கு ஒன்பது. எழுத்தாளர் இறந்தால் அறுநூறு. அதனால் பாபநாசத்திலிருந்து புன்னக்காயல் வரை, பொருநை ஆற்றோரத்தில் அறுபதைத் தாண்டிய பதினோரு எழுத்தாளர்களுக்கும் அஞ்சலி எழுதித் தயாராக வைத்திருந்தேன். தேதி மட்டும் போட்டால் போதும். அவர்களில் யாரைப் பார்த்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுவேன். மனதாரத்தான் சொல்லுவேன்.

அண்ணாச்சி தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான்கு வருடத்துக்கு முன், கடலாழத்தை அளக்கும் பாகக் கணக்கில் பெயர் வைத்து, ‘ஏழு பாகத் தண்ணி’ என்று ஒரு நாவல் எழுதினார். அதற்கு யாராவது இணையத்தில் விமர்சனம் எழுதியிருக்கிறார்களா என்று தினமும் காலையில் போனில் தேடுவார். தேடி முடித்ததும் என்னைக் கூப்பிடுவார்.

“ஏதும் வந்திருக்கா வே?”

“வரும் அண்ணாச்சி.”

நானே எழுதுகிறேன் என்று இரண்டு வருடத்துக்கு முன் கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்றையும் வாங்கி வந்தேன். பத்திரமாக வைத்திருக்கிறேன். அட்டை கூடக் கசங்கவில்லை.

பள்ளத்துக்கு நான் பொறுப்பில்லை. பிறகு நடந்ததற்குப் பொறுப்புத்தான். பத்தே நிமிடத்தில் தவறைக் கண்டுபிடித்துவிட்டேன். அழிக்கப் போனபோது கீழே ஒருவர் ‘ஏழு பாகத் தண்ணி’யை விரிவாகப் பாராட்டியிருந்தார். தேநீர் இடைவேளைக்குள் ஏழு பேர். நான்கு வருடத்தில் ஒருவர்கூட எழுதாத புத்தகம் அது. அழிப்பது இரக்கமா, விட்டுவைப்பது இரக்கமா என்று யோசித்தேன். அவரையே கேட்பதுதான் மரியாதை என்று பட்டது.

“அண்ணாச்சி, நீங்க இறந்துட்டீங்க.”

“யாருலே சொன்னா?”

“நான்தான்.”

“புத்தகத்தப் பத்தி எதும் எழுதுதானுவளா?”

“ஏழு பேரு.”

“அப்பம் ஞாயித்துக்கெழம வரைக்கும் கெடக்கட்டும் வே.”

ஆக, இறந்தவரின் சம்மதத்தோடுதான் எல்லாம் நடந்தது. ஐந்து நாள் அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. முதல் நாளே தூத்துக்குடியிலிருந்து ஒருவர் மாலையோடு வந்திருக்கிறார். அண்ணாச்சியின் மனைவி தெரசா அக்கா பொய் சொல்ல மாட்டார். “உள்ள குளியல் நடக்கு” என்று உள்ளதைச் சொன்னார். வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாலையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமைக்குள் நாற்பத்து மூன்று விமர்சனங்கள். தினமும் கூப்பிட்டு, “எப்படி இருக்கு அண்ணாச்சி?” என்பேன். “நல்லாருக்கு வே” என்பார். நாளாக ஆகக் குரல் சிறுத்துக்கொண்டே வந்தது.

நாற்பத்து மூன்று பேரும் ஒரே காட்சியைத்தான் வியந்திருந்தார்கள்: கடைசியில் நாயகன் கடலில் மூழ்கி மறைவது. என் அஞ்சலியில் அப்படி ஒரு வரி இருந்தது. கடலோர நாவல் என்றால் கடைசியில் யாராவது மூழ்கத்தானே செய்வார்கள் என்று நல்லெண்ணத்தில் எழுதியிருந்தேன். அவர்களும் நல்லெண்ணத்தில் என்னை நம்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சலியை எடுத்துவிட்டு, அண்ணாச்சி நலமாக இருக்கிறார் என்று அறிவித்தேன். யாரும் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. எழுதியவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் விமர்சனத்தை அழித்தார்கள். உயிரோடிருப்பவருக்கு அவ்வளவு புகழ் அதிகம் என்று தோன்றியிருக்கலாம். சாயங்காலம் தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

மறுநாள் புன்னக்காயலுக்குப் போனேன். அண்ணாச்சி போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார்.

“எம் புத்தகத்துல வாரவனுக்குக் கடலே ஆவாது வே. தோணியில கால வச்சாலே வாந்தி. அவன் எங்கன போயி முங்குவான்?” என்றார். சிரித்தார். நான் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

“உங்களுக்காகத்தான் அண்ணாச்சி எல்லாம் செஞ்சேன். என்மேல கோவமா?”

“மீன் கொழம்பு இருக்கு. சாப்புட்டுட்டுப் போவும்.”

“நான் செஞ்சது பாவம்தானே?”

“காத்து இன்னைக்கு ஒரு மாதிரியா அடிக்கி.”

தெரசா அக்கா பக்கம் திரும்பினேன். வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு கைவசம் இருந்தது. “நான் கொலைகாரன் அக்கா. ஒரு மனுசரக் கொன்னு, அவரு புத்தகத்தையும் கொன்னுட்டேன். நீங்க என்ன தண்டனை குடுத்தாலும் ஏத்துக்கிடுதேன்” என்றேன்.

அக்கா குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீ ஒண்ணும் கொலகாரன் இல்ல தம்பி. சோம்பேறி. நூத்து நாப்பது பக்கம். ஒரு மத்தியானத்துல வாசிச்சிருக்கலாம்.”