வினோதினி வீட்டு அலாரம்

உப்புக் காற்றில் இரும்புத் திருகாணி ஆறு மாதம்கூடத் தாங்காது. அதனால் வினோதினி வீட்டு வெளிச்சுவரில் அலாரம் பெட்டியை மாட்டும்போது பித்தளைத் திருகாணியாகப் பார்த்துப் போட்டேன். வேலையில் நான் குறை வைப்பதில்லை சார்.

நேற்று நீங்கள் அந்தப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தீர்கள். உள்ளே ஒரு பேட்டரி, மினுக்கும் ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். போலிப் பெட்டி. ஆன்லைனில் வாங்கினேன்.

மாட்டிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுச் செல்லம்மாள் ஏணிக்குக் கீழே வந்து நின்றாள்.

"ஏம்பா நடராசா, இந்த ஊட்ல திருடறதுக்கு இன்னா இருக்குது, அம்மிக்கல்லா?"

"போன வாரம் எவனோ பூட்ட ஒடச்சி பீரோவக் கொடஞ்சிட்டுப் போயிருக்கான். நீ இன்னாக்கா இப்டிப் பேசற?"

பூட்டை உடைத்தவன் நான்தான். பிரபுவின் செல்போனைத் தேடினேன். கிடைக்கவில்லை.

பிரபு வினோதினியின் புருஷன். உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை ஓட்டுவது அவன் வேலை, பழுது பார்ப்பது என் வேலை. மார்ச்சில் அந்த மோட்டார் அடிக்கடி டிரிப் ஆனது. தொல்லையாக இருந்ததால், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் டிரிப்பரை எடுத்துவிட்டு நேராக லைன் கொடுத்தேன். தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று பிரபு வாய்ஸ் மெசேஜ் போட்டான். "உப்புத் தண்ணிக் கைல தொட்டா அப்டித்தான்டா இருக்கும், வேலயப் பாரு" என்று பதில் போட்டேன். அரை மணி நேரத்தில் செத்துப்போனான். ஆள் வருவதற்குள் டிரிப்பரைத் திரும்ப மாட்டிவிட்டேன். அவனும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்.

பாத்தியில் விழுந்து ஊறிய அவன் போனை வினோதினி விடவில்லை. திண்டிவனத்தில் கொடுத்து உயிர் வரவைத்துவிட்டாள்.

"லாக்க போலீஸ்லயே எடுத்துடுவாங்களாம்ணே. திங்கக்கிழம விசாரணைல குடுத்துடறேன். கடைசியா யாராண்ட பேசினாருன்னு தெரியட்டும்."

இதை என்னிடமே சொன்னாள். போனதைப் போனதாக விடத் தெரியாத பிறவி. அந்தப் பிடிவாதம்தான் எனக்கு ஆகவில்லை.

திருட்டுப் பயத்தில் அவளேதான் அலாரம் கேட்டாள். உள்ளே ஒரு சுவிட்சும் வைத்துக் கொடுத்தேன். "இத அமுக்கினா சத்தம் வராதும்மா, திருடன் உஷாராயிடுவான் இல்ல? நேரா என் போனுக்குத்தான் வரும். நான் வந்துடறேன்" என்றேன். துணைக்கு வந்திருந்த தங்கையை மறுநாளே கீழ்புத்துப்பட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மேகம் கூடியது. உங்களுக்கு இந்த ஊர் புதிது. மழை வரும்போல் இருந்தால் உப்பள ஆபீசில் சங்கு ஊதுவோம். உப்புக் குவியலை மூடாவிட்டால் ஒரு மாத உழைப்பு கரைந்துவிடும். சங்கு கேட்டால் இங்கே யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. சோற்றுத் தட்டை வைத்துவிட்டுத் தார்ப்பாயோடு ஓடுவார்கள். அந்த மேகம் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் சங்கு சுவிட்சைப் போட்டேன்.

பத்து நிமிடத்தில் தெரு காலி. வினோதினி மட்டும் வீட்டில். புருஷன் போன பிறகு அவள் உப்பளத்தில் கால் வைத்ததில்லை.

பின்கதவைப் பிடித்து ஆட்டினேன். உள்ளே சுவிட்ச் அமுங்கும் சத்தம் கேட்டது. ஏழெட்டுத் தடவை. அமுக்கி முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு முன்பக்கம் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"போனுக்கு வந்துச்சாண்ணே?"

"வந்துச்சும்மா. அதான் ஓடியாறேன்."

கதவு திறந்தது. "பின்னாடி எவனோ வந்தாண்ணே. அவரு போனு பத்திரமா இருக்குது, அரிசி டப்பாலதான் வச்சிருக்கேன்" என்றாள். தண்ணீர் கொடுத்துக் கட்டிலில் உட்காரவைத்தேன். தலையணையை எடுத்து முகத்தில் அழுத்தினேன். சின்ன உடம்பு, அதிக நேரம் ஆகவில்லை. போனைக் கழுவெளி ஏரியில் எறிந்தேன். வலை போட்டால் கிடைக்கும்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை வாசித்துப் பார்த்தேன். கொலை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை அத்துமீறி வீட்டுக்குள் நுழைந்தேன் என்று ஒரு வரி இருக்கிறது, அதை மட்டும் அடித்துவிடுங்கள் சார். அவளேதான் தாழ்ப்பாளைத் திறந்து, "வாங்கண்ணே" என்றாள்.