நூறு வரை எண்ணு

இரவு பதினொன்றே முக்கால். ஆற்றங்கரைச் சாலையில் ஒரு ஆள் இல்லை. கடைசி டிராம் போய் அரை மணி ஆகியிருந்தது. நம் லெனின்கிராடில் ஜூன் மாதம் இருட்டாது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வெளிச்சத்தில் தனியாக நடந்து பார்த்திருக்கிறீர்களா? நிழல் விழாது. நமக்கும் விழாது... எதிரே வருகிறவனுக்கும் விழாது.

நடந்தது என் சிநேகிதி லூசாவின் சித்திக்கு. பெயர் நோன்னா. பெயின்ட் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை. எதையும் அளந்து பார்த்துவிட்டுப் பேசுகிறவள். கதை கட்டத் தெரியாதவள். அதனால்தான் இதை நம்ப வேண்டியிருக்கிறது.

எண்பத்தைந்தாம் வருடம். பாலத்தின் நடுவில் நின்று நோன்னா மழைக்கோட்டின் பைக்குள் கையை விட்டாள். கிளிப் இருந்தது. துணி காயப்போடும் மரக் கிளிப். சுருள்கம்பி கழன்றுவிடாமல் நீல நூலால் கட்டியிருக்கும். அவள் கணவன் அர்கடியுடையது. அர்கடி செத்து ஏழு மாதம்.

உங்களில் சின்னவர்களுக்கு இது தெரிந்திருக்காது. அப்போது வெளிநாட்டுப் படம் எல்லாம் கள்ளக் கேசட்டில்தான் வரும். வீட்டுக்குள் ஒளித்து வைத்துத்தான் பார்க்க வேண்டும். படத்தின் மேலேயே ஒரே ஒரு ஆள் ரஷ்ய மொழியில் பேசிப் பதிந்திருப்பான். நாயகனும் அவன்தான், வில்லனும் அவன்தான், அழுகிற பெண்ணும் அவன்தான். ஏற்ற இறக்கம் இல்லாமல், ரயில் நேரம் படிப்பதுபோல் பேசுவான். குரலை வைத்து ஆளைப் பிடித்துவிடக் கூடாது என்று மூக்கில் கிளிப் மாட்டிக்கொள்வான்.

அர்கடி அப்படிப்பட்ட குரல். சமையலறையில், தலைமேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுவான். படத்தை முன்கூட்டிப் பார்க்க மாட்டான். "முடிவு எனக்கே தெரியக் கூடாது. தெரிஞ்சா குரல் காட்டிக் குடுத்துடும்" என்பான். துப்பாக்கி, கார், கடற்கரை எல்லாம் வேறு யாராவது பேசட்டும் என்று விட்டுவிடுவான். அவனுக்குப் பிடித்தவை யாரும் கேள்விப்படாத சின்ன உளவுப் படங்கள். மழை பெய்யும். ரயில் நிலையத்தில் ஒருவன் நாளிதழ் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பான். ஒன்றரை மணி நேரத்துக்கு வேறொன்றும் நடக்காது. ஆனால் மூச்சு விட முடியாது.

நீளமான வசனம் வந்தால் அதற்கு முன் மூச்சை உள்ளே இழுப்பான். டீ டம்ளரை அதன் உலோகப் பிடியோடு மேசையில் வைப்பான். டிங். மற்றவர்களுக்கு அது படத்தின் சத்தம். நோன்னாவுக்குத் தெரியும்.

அவன் ஒரு விதி வைத்திருந்தான். கரண்ட் இல்லாவிட்டால் வீடியோ டெக் கேசட்டை வெளியே தள்ளாது. அதனால் பிடிக்க வருகிற போலீஸ்காரர்கள் முதலில் ஃப்யூஸைப் பிடுங்குவார்கள், அப்புறம் கதவைத் தட்டுவார்கள். கையும் களவுமாக மாட்டிக்கொள்வோம். "கரண்ட் போச்சுன்னா நூறு வரைக்கும் எண்ணு. டெக் மூடியில நாலு ஸ்குரூதான், அதுக்குள்ள கேசட்டை உருவிடுவேன். தெரியாத குரல்னாலும் நூறு. தெரிஞ்ச குரல்னாலும் நூறு. எண்ணி முடிக்காம திறக்காதே."

நவம்பரில் கரண்ட் போனது. நோன்னா எண்ணினாள். கதவுக்கு வெளியே கீழ்வீட்டு அம்மாவின் குரல். "நோன்னா, கொஞ்சம் திறம்மா... எனக்கு மயக்கமா வருது." நோன்னா அறுபத்திரண்டில் திறந்துவிட்டாள். அந்த அம்மாவுக்குப் பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். உள்ளே இரண்டு ஸ்குரூதான் கழன்றிருந்தது. அர்கடி டெக்கையே தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினான். பக்கத்து வீட்டுப் பால்கனிக்குத் தாண்டப் பார்த்தான். கம்பியெல்லாம் பனி உறைந்திருந்தது... நான்காவது மாடி.

வந்தவர்கள் கேசட்டுகளை எல்லாம் எடுத்துப் போய்விட்டார்கள். அவன் குரல் ஒன்றுகூட அவளிடம் மிஞ்சவில்லை. கிளிப்பை மறுநாள் பனிக்குள் கையை விட்டுத் தேடி எடுத்தாள்.

அப்புறம் அவள் படமே பார்க்கவில்லை. ஜூன் மாதம் தோழி ராயா போன் செய்தாள். போனில் கேசட்டுக்கு ஜாம் என்று பெயர்.

"புது ஜாம் வந்திருக்குடி."

"எனக்கு இப்ப ஜாம் பிடிக்கிறதில்ல."

"கேளேன்... பழைய ஆளோட கைப்பக்குவம் அப்படியே இருக்காம்."

நோன்னா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ராயா வீடு ஐந்தாவது மாடி. ஜன்னல்களில் கம்பளி ஆணியடித்திருந்தது. பகல் மாதிரி வெளிச்சத்தில் படம் தெரியாதே. உள்ளே ஈரக் கம்பளி வாசனை, சிகரெட், கறுப்பு ரொட்டியில் உப்பு மீன். ராயா, அவள் புருஷன் தோலிக், பல் டாக்டர் செம்யோன். டெக் டாக்டருடையது. குழந்தை வண்டியில் படுக்க வைத்து, போர்வை போர்த்தி, தெருவில் தள்ளிக்கொண்டு வருவார்.

"குழந்தை வளரவே மாட்டேங்குதே டாக்டர்" என்றான் தோலிக். "நாலு வருஷமா அதே எடை."

"உன் பல்லு மாதிரி கொட்டாம இருக்கே, அதைப் பாரு" என்றார் டாக்டர். "ஆளுக்கு ஒரு பிடி சூரியகாந்தி விதை பந்தயம் வைங்க. படத்துல எவன் ரெட்டை உளவாளின்னு முதல்ல கண்டுபிடிக்கிறவங்களுக்கு எல்லாம்."

"குரல் யாருது?" நோன்னா கேட்டாள்.

தோலிக் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இப்ப எல்லாப் பயலும் அர்கடி மாதிரியே மூக்கை அடைச்சுக்கிட்டுத்தான் பேசுறான். ரொம்ப எதிர்பார்க்காதீங்க."

தூரத்தில் கப்பல் ஊதியது. மணி ஒன்றரை தாண்டியிருந்தது. கப்பல் போவதற்காகப் பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். இனி விடியும்வரை அக்கரையிலிருந்து இக்கரைக்கு யாரும் வர முடியாது. நோன்னாவின் வீடு அக்கரையில். அர்கடியைப் புதைத்த இடமும் அக்கரையில்தான்.

படம் ஓடியது. மழை. ஏதோ ஒரு ஊரில் ஒரு பெண் வாடகை அறையில் காத்திருக்கிறாள். வரவேண்டியவன் மூன்று முறை தட்டுவான், நிறுத்துவான், ஒரு முறை தட்டுவான். அந்தத் தட்டலை வேறு யாரோ கற்றுக்கொண்டுவிட்டான்.

முதல் வசனம் வந்தது. நோன்னா கையிலிருந்த விதைகளைக் கீழே விட்டாள்.

அவன்தான். அந்த மூச்சு. அப்புறம்... டிங்.

பழைய கேசட்டாக இருக்கும் என்று நினைத்தாள். அவன் பேசிய ஏதோ ஒன்று எங்கோ தப்பியிருக்கிறது. அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இருட்டில் யாருக்கும் தெரியாதென்று கன்னத்தைத் துடைக்காமல் விட்டாள். திரையில் அந்தப் பெண் நாளிதழைப் பிரித்தாள். நோன்னா தேதியைப் பார்த்தாள். ஆய்வகத்தில் லேபிள் படித்துப் பழகிய கண்.

ஏப்ரல், எண்பத்தைந்து.

அர்கடி செத்தது எண்பத்து நான்கு நவம்பர்.

"டாக்டர்... இது எப்ப வந்த படம்?"

"புத்தம் புதுசு. என் தம்பி போன வாரம்தான் கப்பல்ல கொண்டுவந்தான். பேசாம பாருங்க."

திரையில் வெறும் நடைபாதை. யாரும் இல்லை, யார் உதடும் அசையவில்லை. குரல் மட்டும் சொன்னது: "இப்போ கரண்ட் போகும்."

"முன்னாடியே சொல்லிட்டானே, மடையன்" என்றான் தோலிக்.

கரண்ட் போனது.

திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. டெக் நின்றது. சூடான தூசி வாசனை. தோலிக் ஸ்குரூ டிரைவரைத் தேடித் தடவினான். ராயா கம்பளியின் ஓரத்தைத் தூக்கி எதிர்க் கட்டடத்தைப் பார்த்தாள். வழக்கமாக அங்கே விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார்கள். எரிந்தால் நம் வீட்டில் மட்டும்தான் போயிருக்கிறது, ஆபத்து. எரியாவிட்டால் தெருவுக்கே போயிருக்கிறது. எதிரே அறுபது ஜன்னல்களும் அணைந்திருந்தன. ஆனால் ஜூன் மாதத்தில் எவன் விளக்குப் போடுவான்?

"ஒண்ணும் தெரியலையே" என்று முணுமுணுத்துக் கம்பளியை விட்டாள். மறுபடி கும்மிருட்டு.

யாரோ மெதுவாக எண்ண ஆரம்பித்தார்கள். ஒண்ணு... ரெண்டு... மூணு... தோலிக் எண்ணுகிறான் என்று நோன்னா நினைத்தாள். எண்ணுவது டாக்டர் என்று தோலிக் நினைத்தானாம். நோன்னா என்று டாக்டர் நினைத்தாராம். அதெல்லாம் அப்புறம் பேசிக்கொண்டது.

இருபதில் கதவைத் தட்டும் சத்தம். மூன்று முறை. நிறுத்தி, ஒரு முறை.

"நோன்னா."

ராயா அவள் கையைப் பிடித்தாள். ராயாவின் விரல்கள் ஜில்லென்றிருந்தன. அவளுக்கும் அந்தக் குரல் தெரியும். கிளிப் இல்லாத குரல். பதிவு முடிந்து, மூக்கைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "டீ இருக்கா?" என்று கேட்கிற குரல்.

"நோன்னா, நான்தான். ரொம்பக் குளிருது. திற."

அவள் கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள். சுவரைத் தடவித் தடவிப் போனாள். கதவு கைக்குப் பட்டது. நாற்பத்தாறு... நாற்பத்தேழு... தாழ்ப்பாள். இரும்பு. அதன் மேல் கையை வைத்தாள். ஏழு மாதம் அவள் கேட்க நினைத்த ஒரே குரல், ஒரு விரற்கடை மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் எண்ணிக்கை ஐம்பத்தேழில் நின்றது. மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம்.

டிங்.

ஐம்பத்தெட்டு... ஐம்பத்தொன்பது... மூக்கடைத்த குரல். ஏற்ற இறக்கம் இல்லை. கரண்ட் இல்லாத டி.வி. இருந்த மூலையிலிருந்து வந்தது.

முன்னால் அவன். பின்னாலும் அவன்.

"அறுபத்தொண்ணு" என்றது பின்னால். அப்புறம் ஒன்றும் இல்லை. நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. கதவுக்கு வெளியேயும் மூச்சுக்கூட இல்லை. இரண்டு பக்கமும் அவளுக்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது.

"அறுபத்திரண்டு."

அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

வெளியே இருந்தவன் மெதுவாகச் சொன்னான். கோபம் இல்லை அந்தக் குரலில். "அன்னைக்குத் திறந்தியே, நோன்னா."

அவள் சட்டென்று உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் கேட்டது. எண்பது. தொண்ணூறு. நூறு.

கரண்ட் வந்தது. டெக் முனகியது, படம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. குரல் இருந்தது. மாஸ்கோக்காரன் எவனோ ஒருவனுடையது. டாக்டர் கேசட்டை முதலிலிருந்து சுற்றிப் போட்டார். எல்லா இடத்திலும் அதே மாஸ்கோக்காரன்தான். நடைபாதைக் காட்சியில் பேச்சே இல்லை.

"பாலம் இறங்குற வரைக்கும் திறக்க வேண்டாம்" என்றாள் ராயா. விதைகளைக்கூட யாரும் எடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு முதல் டிராம் சத்தம் கேட்டதும் தோலிக் கதவைத் திறந்தான். படிக்கட்டில் ஒருவரும் இல்லை. வாசல் மிதியடியில் ஒரு மரக் கிளிப் கிடந்தது. நீல நூல் கட்டியது.

நோன்னா கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். அவளுடையது அங்கேயே இருந்தது. இரண்டையும் ஒரே உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒரே நூல், ஒரே முடிச்சு.

பையிலிருந்தது சில்லென்றிருந்தது. மிதியடியில் கிடந்தது சூடாக இருந்தது... இப்போதுதான் யாரோ மூக்கிலிருந்து கழற்றியதுபோல.

அவ்வளவுதான் நோன்னா சொன்னது. மீதியை லூசா சொன்னாள்.

போன ஜூனில் லூசா சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். பாலம் தூக்கிய பிறகு விழித்துக்கொண்டாளாம். பக்கத்து அறையில் யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். சித்திதான் தூக்கத்தில் பேசுகிறாள் என்று எழுந்து போனாள். கட்டில் காலி.

நோன்னா வாசல் கதவருகே வெறுங்காலோடு நின்றிருந்தாள். கை தாழ்ப்பாளில். வாய் மூடியிருந்தது. லூசாவைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

அறுபது... அறுபத்தொண்ணு...

அப்புறம் ஒன்றும் இல்லை. கடிகாரம் ஓடும் சத்தம் மட்டும். நோன்னா கதவில் நெற்றியைச் சாய்த்து நின்றாள். வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

"இந்த வருஷமும் அறுபத்திரண்டு சொல்லாமலே நிறுத்திட்டான்" என்றாள். "நீ போய்ப் படு."