பிறந்தநாளுக்கு ஒரு குதிரை

யுத்த காலத்தில் மேலூரிலிருந்து மதுரைக்கு வந்த பஸ் பெட்ரோல் கிடைக்காமல் கரியில்தான் ஓடியது. அந்தப் புகைவாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மேட்டைக் கண்டால் பஸ் நின்றுவிடும். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனாலும் அப்படி நின்ற ஒரு நாள், முன்சீட்டில் இருந்தவன் தன் பெண்சாதியிடம் கேட்டது காதில் விழுந்தது.

"கழுதைக்கு வாலை நீளமாக் கட்டிவிட்டா பய கண்டுபிடிச்சிருவானா?"

"டூரிங் டாக்கீஸ்ல பாத்த தொப்பிக்கார வெள்ளைக்காரன் கழுதையிலயா வந்தான்? உங்க மகன் பிறந்தநாளுக்குக் குதிரைதான் கேக்குறான்."

"தொப்பி பனையோலையில முடையச் சொல்லியாச்சு. துப்பாக்கிக்கு மூங்கில் கிடக்கு. குதிரைக்கு எங்க போவேன்?"

"எங்க அண்ணன் ஜட்கா வண்டியில பூட்டுறது குதிரை இல்லாம என்னவாம்?"

"காதுகுத்துல அம்புட்டுப் பேர் முன்னால என்னைய எடுத்தெறிஞ்சு பேசுனவன். அவன் வாசலை நான் மிதிக்கணுமா?"

"அன்னையில இருந்து அண்ணன் முகத்தை நானும் பாக்கல. பிள்ளைக்கு மாமன் யாருன்னே மறந்துபோச்சு."

பஸ் கிளம்பியது. வைகைப் பாலம் வந்ததும் அவன் தொண்டையைச் செருமினான்.

"இறங்குனதும் வெத்தலை பாக்கு வாங்கிக்கிருவோம்."

"எதுக்கு?"

"குதிரையை மட்டும் அழைச்சா முறையாவா இருக்கும்?"

அவள் சட்டென்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சோழவந்தான் வெத்தலையாப் பாத்து வாங்குங்க. எங்க அண்ணன் வேற எதுவும் போடாது."