மலையம்மாளின் ஈறும் டாக்டர் சீதாராமனும்

தலைவர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மருத்துவர் மன்றத்துப் பெரியவர்களே! கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கனகலட்சுமி அம்மாள் அவர்களே! சிம்மக்கல்லில் கடையை அடைத்துவிட்டு வந்து, நாற்காலி இல்லாமல் நிற்கும் மக்களே! வணக்கம்.

நான் வசுந்தரா. பழங்காநத்தத்தில் பொது மருத்துவம் பார்க்கிறேன். மறைந்த பல் மருத்துவர் சீதாராமன் அவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் இந்த மேடைக்கு அது இனிக்காது.

சற்று முன் டாக்டர் அழகுமலை அவர்கள் பேசினார். சீதாராமன் தன் உடன்பிறவாத் தம்பி என்றார். கண்ணைத் துடைத்தார். எந்தத் தம்பி ஐயா? போன ஆண்டு விழாவில், இதே மண்டபத்தில், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, "சாப்பாடு ஆறுது, அவரை எறக்குங்கப்பா" என்றீர்களே, அந்தத் தம்பியா?

அன்று அவர் என்ன கேட்டார்? பதவி கேட்டாரா? பட்டம் கேட்டாரா? சர்க்கரை நோயாளியின் ஈறைப் பாருங்கள் என்று கேட்டார்! ஈறு பழுத்து வருகிறவருக்குச் சிறுநீரைச் சோதியுங்கள் என்று கேட்டார்! அதற்கு இந்த மண்டபம் சிரித்தது.

ஏன் கேட்டார் தெரியுமா? சிம்மக்கல்லில் எலுமிச்சை மொத்த வியாபாரம் செய்யும் மலையம்மாளை முன்னிட்டுக் கேட்டார். ஈறு வீங்கிச் சீழ் வடிந்து, பல்லெல்லாம் ஆடி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டே விலை பேசியவர் அவர். சீதாராமனிடம் வந்து அழுதார்.

"எல்லாத்தையும் புடுங்கி விட்ருங்கய்யா. வாய் நாறுதுன்னு ஒருத்தரும் கிட்ட வர மாட்டேங்குறாக."

"சீனி இருக்காம்மா?"

"இருக்கு. அழகுமலை டாக்டர்ட்டதான் மாத்திரை வாங்கித் திங்கிறேன்."

"அவரு உங்க வாயைப் பாத்தாரா?"

"வாயவா? மொகத்தப் பாக்கவே அவருக்கு நேரமில்லய்யா."

சீதாராமன் அங்கேயே சிறுநீரில் நீல மருந்தைச் சேர்த்துக் காய்ச்சினார். செங்கல் நிறமாக மாறியது; சர்க்கரை அளவு மீறிப் போயிருந்தது. பல்லைப் பிடுங்க மறுத்துவிட்டார்.

"இப்பப் புடுங்குனா புண்ணு ஆறாதும்மா. சீனி ஏறுனா ஈறு அழுகும். ஈறு அழுகுனா சீனி லேசுல எறங்காது. ரெண்டையும் சேத்துத்தான் மடக்கணும்."

மலையம்மாளை அழைத்துக்கொண்டு அழகுமலை அவர்களின் மருத்துவமனைக்கே போனார். நோயாளிகளோடு நோயாளியாகக் காத்துக் கிடந்தார். கிடைத்த பதில் என்ன? "பல்லப் புடுங்குறவரு எனக்குச் சீனிப் பாடம் நடத்த வந்துட்டீரோ? உம்ம வேலையப் பாரும்!" மலையம்மாள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்.

சில நாளில் மலையம்மாளுக்குக் கன்னம் வீங்கிக் காய்ச்சல் ஏறியது. எலுமிச்சை மூட்டைமேல் மயங்கி விழுந்தவரை என்னிடம் தூக்கி வந்தார்கள். நான் இன்சுலின் போட்டேன். சீதாராமன் கட்டிலருகே நின்று சீழைக் கீறி எடுத்தார். தன் மருத்துவமனைக்குப் போகும் வழியில் தினமும் வந்து ஈறைக் கழுவிச் சுத்தம் செய்தார். சில பற்களைக் காப்பாற்ற முடியவில்லை. உயிர் பிழைத்தது! சர்க்கரை அடங்க அடங்க ஈறும் இறுகியது. மிச்சப் பற்கள் நின்றன.

மலையம்மாள், எழுந்து நில்லுங்கள்.

டாக்டர் அழகுமலை அவர்களே, இவரைத் தெரிகிறதா? பல வருடம் உங்கள் மாத்திரையைத் தின்றவர். இந்த இரங்கல் கூட்டத்தில் உங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். தெரியவில்லை, இல்லையா? நிமிர்ந்து பார்த்திருந்தால்தானே தெரியும்!

என்னை உட்காரச் சொல்கிறார்கள். பேசி முடித்ததும் உட்காருகிறேன் தலைவர் அவர்களே. சீதாராமனைப் போல் பாதியில் இறங்க மாட்டேன்.

அவர் நெஞ்சுவலி வந்து சாய்ந்தபோதும் வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப நாங்கள் தயாராக இல்லை. கனகலட்சுமி அம்மாள் தன் கணவரின் சிம்மக்கல் மருத்துவமனைச் சாவியைத் தந்துவிட்டார். சீதாராமனிடம் தொழில் பழகிய டாக்டர் ராஜாராம் பல் பார்ப்பார். அடுத்த அறையில் நான் சர்க்கரை பார்ப்பேன். இந்த மன்றத்திடம் அனுமதி கேட்கப் போவதில்லை. ஆதரவும் கேட்கப் போவதில்லை. சீதாராமன் அவர்களே, உங்கள் வேலை நிற்காது! இது உறுதி!

இப்போது அவர் படத்தைத் திறக்கப் போகிறீர்கள். திறந்துகொள்ளுங்கள். நாளைக் காலை உங்கள் முன்னால் வந்து உட்காரும் முதல் சர்க்கரை நோயாளியின் வாயையும் திறந்து பாருங்கள்.