ஏழாம் கட்டிலின் நாற்பது நிமிடங்கள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குக் காலை பாசஞ்சரில் வந்தால் உட்கார இடம் கிடைக்கும், சார். பதினொரு வருடமாக அப்படித்தான் வேலைக்கு வருகிறேன். திண்டிவனத்தில் உள்ள ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர், வைஃபை எல்லாம் என் பொறுப்பு.

இரண்டாம் மாடி வார்டில் நோயாளியின் மார்பில் சின்னக் கருவி ஒன்றை ஒட்டியிருப்பார்கள். அது நாடித்துடிப்பை வைஃபை வழியாக நர்ஸ் மேசைத் திரைக்கு அனுப்பும். தொடர்பு அறுந்தாலும் திரையில் கடைசி எண்கள் அப்படியே நிற்கும். அதனால்தான், கூரையிலுள்ள ஆக்சஸ் பாயிண்ட் என்ற வைஃபை பெட்டி நின்றால் ஒரே நிமிடத்தில் நர்ஸின் போன் அலறும்படி அமைத்திருந்தேன்.

கலைப்பிரியா அங்கே நர்ஸ். பிடித்திருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். கேன்டீனில் எல்லார் முன்னாலும், "வந்த வேலையப் பாத்துக்கினு போங்க சார்" என்றாள். நான் கோபப்படவில்லை. ஒருநாள் என்னிடம் வந்து கெஞ்சட்டும் என்று மட்டும் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம், போன் அலற ஒரு நிமிடம் என்றிருந்ததை நாற்பது என்று மாற்றினேன். ஏணி போட்டு ஏறி அந்தப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். திரையில் வார்டின் பன்னிரண்டு நோயாளிகளும் நலமாக இருந்தார்கள்.

நான் இறங்குவதற்குள் வெள்ளையம்மாள் ஓடி வந்தார். ஏழாம் கட்டிலில் கிடந்த துரைக்கண்ணுவின் மனைவி; கண்டாச்சிபுரம் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்கள்.

"சார், அவருக்கு வேர்த்துக் கொட்டுது. ஜல்தியா யாரையாச்சும் கூப்புடுங்க சார்."

"நர்சுக்கு மெசேஜ் பூடுச்சும்மா. உக்காருங்க, வந்துடுவாங்க."

என் கழுத்தில் மருத்துவமனை அட்டை தொங்கியது. அதை நம்பி அந்த அம்மா உட்கார்ந்தார். கலைப்பிரியா அடுத்த அறையில்தான் ஒருவருக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் கட்டிலருகே நின்று பார்த்தேன். துரைக்கண்ணுவின் விரல்கள் போர்வையைப் பிசைந்தன. பிறகு பிசையவில்லை.

"தூங்குறாரும்மா" என்றேன். அந்த அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்து விட்டார்.

நாற்பதாவது நிமிடம் போன் அலறியது. நொடி பிசகவில்லை. ஓடி வந்த கலைப்பிரியா அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தாள்; இல்லை. அலட்சியம் என்று எழுதி அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். கருவியில் கோளாறு இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

எண்ணை மாற்றியதும் ஒயரைப் பிடுங்கியதும் நான்தான். அந்த அம்மாவை உட்கார வைத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, சார். கலைப்பிரியா என்னிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்த மனிதர் இன்று உயிரோடு இருப்பார். ஏன் பேசவில்லை என்று அவளையும் கூப்பிட்டு விசாரியுங்கள்.